கிளம்பும் முன்பே தடுக்க முடியுமா?: அகதிப் பெருக்கும் நாடுகளின் கூட்டுப் பொறுப்பும்

எல்லை கடந்து வந்த அகதியை ஆபத்துள்ள இடத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் சர்வதேசச் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. அவர் ஊரைவிட்டு ஓடும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று கேட்டால்தான் அது தடுமாறுகிறது. கேள்வி புதிதன்று. முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து மாநாடுகளும் உடன்படிக்கைகளும் நிபுணர் குழுக்களும் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும், 2024 முடிவில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர், அவர்களில் அகதிகள் ஏறத்தாழ 4 கோடியே 27 லட்சம் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு கணக்கிட்டது.

தடுப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடந்துவந்திருக்கின்றன. மக்களை ஓட வைக்கும் காரணத்தைத் தடுப்பது ஒன்று. ஓடுகிறவர்களைத் தடுப்பது மற்றொன்று. ஆவணங்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. பணமும் காவலும் பெரும்பாலும் இரண்டாவதற்குப் போகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இல்லை என்பதுதான் இந்த விவாதத்தை இவ்வளவு காலம் இழுத்தடித்திருக்கிறது.

அரசைச் சட்டத்தால் கட்டுதல்

1919 முதல் போலந்து உள்ளிட்ட பல நாடுகளுடன் சிறுபான்மையினர் பாதுகாப்பு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மொழி, சமயம், குடியுரிமை ஆகியவற்றுக்கு உத்தரவாதம் தந்துவிட்டால் சிறுபான்மையினர் வெளியேற வேண்டியிருக்காது என்பது கணக்கு. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் வேலை சர்வதேச சங்கத்திடம் தரப்பட்டது. ஆனால் புதிய நாடுகளும் தோற்ற நாடுகளுமே இதற்குக் கட்டுப்பட்டன. வென்ற வல்லரசுகள் தங்களுக்கு இப்படி ஒரு கடிவாளத்தை ஏற்கவில்லை. இந்தப் பாரபட்சத்தைக் காரணம் காட்டியே 1934இல் போலந்து ஒத்துழைக்க மறுத்தது. பிறர் மீது மட்டும் சுமத்தப்படும் கடமை நெடுநாள் நிற்பதில்லை என்ற சிக்கல் அன்றே தெரிந்துவிட்டது.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் கையாளப்பட்டது. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்களும் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் நாடு மாற்றப்பட்டார்கள். அவர்களில் பெருவாரியான கிறிஸ்தவர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே ஓடிவந்துவிட்டவர்கள். பேச்சுவார்த்தைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் ஃபிரிட்யோஃப் நான்சென், அகதிகளுக்கான முதல் உயர் ஆணையர். நாளைய மோதலைத் தவிர்க்க இன்றைய மக்களைப் பெயர்த்து நடுவது என்ற இந்த ஏற்பாட்டைச் சிலர் நெடுங்காலம் வெற்றி என்றே பேசினார்கள். அகதிகள் உருவாவதைத் தடுப்பதாகச் சொல்லி அகதிகளை உருவாக்கிய ஏற்பாடு என்று சொன்னால் தவறில்லை.

காரணத்தை நேரடியாகச் சுட்டிப் பேசிய முதல் அதிகாரி என ஜேம்ஸ் மெக்டொனால்டைச் சொல்லலாம். ஜெர்மனியிலிருந்து வரும் அகதிகளுக்கான உயர் ஆணையராக 1933இல் அமர்ந்த இவர், 1935 டிசம்பரில் பதவி விலகினார். வந்தவர்களுக்கு இடம் தேடுவது மட்டும் போதாது, அவர்களைத் துரத்தும் அரசிடம் சர்வதேச சங்கம் நேரடியாகப் பேச வேண்டும் என்பது அவருடைய விலகல் கடிதத்தின் சாரம். ஜெர்மனியின் முகம் கோணக் கூடாது என்று அவருடைய அலுவலகத்தையே சங்கத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1938இல் எவியான் நகரில் கூடிய 32 நாடுகளும் யார் எத்தனை பேரை ஏற்பது என்பதிலேயே நின்றன. துரத்தும் அரசின் நடத்தை விவாதப்பொருளாகவில்லை.

1939இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஆர். ஒய். ஜென்னிங்ஸ் மெக்டொனால்டின் நிலைப்பாட்டுக்குச் சட்ட உருவம் கொடுத்தார். தன் குடிமக்களை வேண்டுமென்றே அகதிகளாக்கும் அரசு அண்டை நாடுகளுக்குத் தீங்கு செய்கிறது. ஆகவே அது உள்நாட்டு விவகாரம் என்ற கேடயத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பது அவர் வாதம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து சேர்ந்தபோது இந்தியா ஐ.நா.வில் எடுத்த நிலைப்பாடும் இதையொட்டியதே. மக்களை இப்படி எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது தன் மீதான ஒருவகைத் தாக்குதல் என்றது இந்தியா. நிவாரணத்தை ஐ.நா. ஒருங்கிணைத்தது. காரணத்தைத் தீர்த்து வைத்தது டிசம்பர் போர். அடுத்த சில மாதங்களில் அகதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

ஜென்னிங்ஸ் வாதத்தின் பலவீனம் வழக்குத் தொடுப்பது யார் என்பதில் இருக்கிறது. சுமையைத் தாங்கும் அண்டை நாடு நாளைக்கும் அதே அண்டை நாட்டோடுதான் வாழ வேண்டும். ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் 2019இல் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற வங்கதேசம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா. அதுவும் இனப்படுகொலை ஒப்பந்தத்தின் கீழ். 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தபோது பாதுகாக்கப்பட வேண்டியவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு வங்கதேசப் பக்கம் இருந்தார்கள்.

போன் நகரத்துத் தீர்மானம்

1951 ஒப்பந்தம் அகதி யார், அவருக்கு என்ன உரிமை என்று விரிவாகப் பேசியது. அவரை அகதியாக்கிய அரசைப் பற்றி அநேகமாக வாய் திறக்கவில்லை. உயர் ஆணையர் அலுவலகத்தின் பணி முழுக்க அரசியல் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் விதியே சொன்னது. பனிப்போர்க் காலத்தில் அமைப்பு பிழைத்துக் கிடக்கக் கொடுத்த விலை அது.

மௌனத்தை முறையாகக் கலைத்தது மேற்கு ஜெர்மனி. 1980இல் அந்த நாட்டில் புகலிடம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அதே ஆண்டு, புதிய அகதிப் பெருக்குகளைத் தவிர்க்கச் சர்வதேச ஒத்துழைப்பு என்ற பொருளை போன் நகரைத் தலைநகராகக் கொண்ட அந்த அரசு ஐ.நா. பொதுச்சபையின் முன்வைத்தது. 1981இல் 17 பேர் கொண்ட அரசு நிபுணர் குழு அமைக்கப்பட்டது, பிறகு விரிவாக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986இல், அறிக்கை வந்தது.

குழுவுக்குள் நடந்தது பொருளாதாரத்துக்கும் அரசியலுக்கும் இடையிலான இழுபறி. அடக்குமுறையே காரணம் என்று மேற்கு நாடுகள் சொல்ல, காலனியமும் நிறவெறியும் சமனற்ற வணிகமும் காரணங்கள் இல்லையா என்று தெற்கு நாடுகள் கேட்டன. தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஏற்பாடு இது என்று சோவியத் அணி சந்தேகித்தது. ஒருமித்து ஏற்கப்பட்ட அறிக்கையில் எல்லாருடைய காரணங்களும் இடம்பெற்றன: அரசியல், சமூகப் பொருளாதாரம், இயற்கைச் சீற்றம். பிற நாட்டில் தலையிடாமை என்ற கோட்பாடும் உறுதி செய்யப்பட்டது. பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது மங்கலாகவே விடப்பட்டது.

இதைவிடத் துணிச்சலான ஆவணம் ஒன்று முன்னரே வந்திருந்தது. உயர் ஆணையராக இருந்து ஓய்வுபெற்ற சத்ருத்தீன் ஆகா கான், மனித உரிமை ஆணையத்துக்காக 1981இல் எழுதி முடித்த ஆய்வு அது. முன்னெச்சரிக்கை ஏற்பாடு, பதற்றப் பகுதிகளுக்கு மனிதாபிமானப் பார்வையாளர்கள், ஐ.நா. பொதுச்செயலருக்கு இதற்கென்றே ஒரு சிறப்புப் பிரதிநிதி என மூன்றும் அதில் இருந்தன. முன்னெச்சரிக்கை மட்டுமே பின்னர் ஏதோ ஒரு வடிவில் நடைமுறைக்கு வந்தது. அரசுகளுக்குச் செலவும் சங்கடமும் குறைவான பரிந்துரை அதுவே என்பது தற்செயலாக இருக்க முடியாது.

காரணம் உள்ளேயா, வெளியேயா?

நிபுணர் குழுவின் இழுபறி கல்விப்புலத்திலும் தொடர்ந்தது. அரிஸ்டிட் சோல்பெர்க், ஆஸ்ட்ரி சுர்கே, செர்ஹியோ அகுவாயோ மூவரும் 1989இல் வெளியிட்ட நூலில், அகதிகள் உருவாவது ஒரு கெட்ட அரசின் தனிச்செயல் அல்ல, தேச அரசுகள் உருவாகும் போக்கிலும் புரட்சிகளிலும் வெளி வல்லரசுகளின் கை கலந்தே இருக்கிறது என்று காட்டினார்கள். சோவியத் படையெடுப்புக்குப் பிறகான ஆப்கானிஸ்தான் இதற்குத் தெளிவான சான்று: ஒருபுறம் சோவியத் படை, மறுபுறம் அமெரிக்கா, சவூதி, பாகிஸ்தான் வழியாக வந்த ஆயுதங்கள், 1990 வாக்கில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி. எஸ். சிம்னி 1998இல் இன்னும் ஒருபடி மேலே போனார். பனிப்போர் முடிந்ததும் மூல காரணம் என்ற பேச்சு திடீரெனப் பெருகியதை அவர் ஐயத்தோடு பார்த்தார். பழியை முழுக்கப் பிறப்பு நாட்டின் மீது சுமத்திவிட்டால் வெளியாரின் பங்கு மறைகிறது. அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தவும் வசதியாகிறது. பின்வந்த காலம் இந்த ஐயத்தை வலுப்படுத்தியதாகவே தோன்றுகிறது. ஆயினும் எல்லாவற்றையும் வெளிக்காரணமாக்குவதிலும் ஆபத்துண்டு. சொந்த மக்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டத்தை எந்த வல்லரசும் வந்து எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரு தரப்பும் குறைவாகவே பேசும் ஒரு காரணம் முன்னைய அகதிப் பெருக்கேதான். 1959 முதல் ருவாண்டாவை விட்டு ஓடிய டுட்சிகளுக்கு முப்பது ஆண்டுகளாக ஊர் திரும்பும் வழி இல்லை. நாட்டில் நிலம் போதாது என்று கிகாலி அரசு கைவிரித்தது. 1990 அக்டோபரில் உகாண்டாவிலிருந்து ஆயுதத்தோடு நுழைந்த படை அந்த அகதிகளின் பிள்ளைகளால் ஆனது. திரும்பும் உரிமையை ஏற்பதாகத் தார் எஸ் சலாம் பிரகடனத்தில் ருவாண்டா ஒப்புக்கொண்டது 1991 பிப்ரவரியில். போர் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. 1994இன் இனப்படுகொலைக்குப் பிறகு இந்தமுறை ஓடியவர்கள் ஹுட்டுகள். ஜூலையில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் எல்லைக்கு அப்பாலிருந்த கோமா நகருக்குள் திரண்டார்கள், காலரா பரவியது. பழைய அகதிகளுக்குத் தீர்வு காண்பதே புதிய அகதிகளைத் தடுக்கும் வழி என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று கிடைப்பது அரிது.

எச்சரிக்கை இருந்தது

முன்னெச்சரிக்கையை நம்பியவர்களுக்கு ஐ.நா. 1987இல் ஒரு தகவல் சேகரிப்பு அலுவலகத்தை அமைத்துத் தந்தது. 1992 மறுசீரமைப்பில் அது கலைக்கப்பட்டது. அது நீடித்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்றால், ஐயமே. 1994 ஜனவரி 11 அன்று ருவாண்டாவிலிருந்த ஐ.நா. படைத் தளபதி டலேர் ஆயுதக் கிடங்குகள் பற்றியும் கொலைத் திட்டம் பற்றியும் நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். கிடங்குகளைச் சோதனையிட அனுமதி கிடைக்கவில்லை.

இலங்கையின் வன்னியில் நடந்த போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த உள்விசாரணை அறிக்கை 2012 நவம்பரில் வெளியானது. களத்திலிருந்து விவரங்கள் வந்துகொண்டிருந்தன, அவற்றை வைத்துப் பேச அமைப்பு தயங்கியது என்பது அதன் முடிவு. மனித உரிமையை முன்னிறுத்தும் புதிய நடைமுறை ஒன்று 2013இல் அறிவிக்கப்பட்டதும் அந்த அறிக்கையின் விளைவே. ஆனால் அடுத்த பெரிய சோதனையான மியான்மரில் என்ன நடந்தது என்று ஆராய்ந்த 2019 அறிக்கையும் அமைப்பின் தோல்வியைப் பற்றியே பேசியது.

ரக்கைன் மாநிலம் குறித்துக் கோஃபி அன்னான் தலைமையிலான ஆணையம் 88 பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையை வெளியிட்ட நாள் 2017 ஆகஸ்ட் 24. குடியுரிமைச் சட்டம், நடமாட்டச் சுதந்திரம் என நோயின் வேர் அதில் சரியாகவே அடையாளம் காணப்பட்டிருந்தது. மறுநாள் ஆயுதக் குழுவின் தாக்குதல். அதைச் சாக்கிட்டு ராணுவ நடவடிக்கை. ரோஹிங்கியா சமூகம் 1978இலும் 1991-92இலும் லட்சக்கணக்கில் ஓடிவந்து, குடியுரிமை பற்றிய தீர்வின்றியே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. இரண்டு முறை மணி அடித்த பிறகும் மூன்றாவதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டவர்கள் செயல்படுவதற்கான விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

விலை கொடுத்த ஒரு சிறிய உதாரணமும் உண்டு. 1992 டிசம்பரில் பாதுகாப்பு அவை, சண்டை ஏதும் தொடங்காத மாசிடோனியாவுக்கு முன்கூட்டியே ஐ.நா. படையை அனுப்பியது, ஏறத்தாழ ஆயிரம் பேர். யூகோஸ்லாவியாவின் பிற பகுதிகள் எரிந்தபோது அந்த நாடு தப்பியது. 1999 பிப்ரவரியில் சீனா தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியதால் பணி முடிவுக்கு வந்தது. சற்று முன்புதான் மாசிடோனியா தைவானை அங்கீகரித்திருந்தது. படைதான் காப்பாற்றியதா, வேறு காரணங்களா? நடக்காத போருக்குச் சான்று காட்டுவது கடினம். சில வாரங்களில் கொசோவோ அகதிகள் லட்சக்கணக்கில் அதே எல்லைக்கு வந்தார்கள்.

நாட்டுக்குள்ளேயே பாதுகாத்தல்

1991 ஏப்ரலில் துருக்கி எல்லையை மூடியதால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியக் குர்துகள் மலைச்சரிவுகளில் சிக்கினார்கள். ஈரான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே விட்டது. கூட்டணிப் படைகள் வட ஈராக்கில் பாதுகாப்பு வளையம் அமைத்தன. உயர் ஆணையர் சடாகோ ஒகாடா தயக்கத்துக்குப் பிறகு எல்லைக்கு உட்புறமே பணியாற்ற முடிவெடுத்தார். பெரும்பாலோர் விரைவில் ஊர் திரும்பினார்கள். எல்லையை மூடிய நாட்டின் செயலும் சத்தமில்லாமல் ஏற்கப்பட்டது. தன் ஊரிலேயே இருக்கும் உரிமை என்ற சொல்லாடல் இதற்குப் பிறகு வலுப்பெற்றது. போஸ்னியாவில் அது எங்கே கொண்டுபோய்விட்டது என்பது தெரிந்ததே: 1993 ஏப்ரலில் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா 1995 ஜூலையில் வீழ்ந்தது, ஏறத்தாழ 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று மன்னாரில் நடந்தது. இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டிலிருந்து திரும்புவோருக்கு உதவ 1987இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு இலங்கைக்கு வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து ராமேஸ்வரம் நோக்கி மறுபடியும் படகுகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். அமைப்பு ஊர் திரும்ப உதவியவர்களும் அந்த ஓட்டத்தில் சிக்கினார்கள். அப்போது அது மடு தேவாலய வளாகத்திலும் மன்னார்த் தீவின் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை நடத்தத் தொடங்கியது. காவல் படை இல்லை, பாதுகாப்பு அவையின் தீர்மானமும் இல்லை. விரும்பியபோது வரலாம், சண்டை ஓய்ந்தால் ஊருக்குப் போகலாம், கடல் கடக்க விரும்பினால் போகத் தடையில்லை. மடு மாதா மீது எல்லாத் தரப்புக்கும் இருந்த மரியாதைதான் அதன் முதன்மையான காப்பு.

அமைப்பின் இலங்கை அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்த பில் கிளாரன்ஸ் பின்னர் இதை நடைமுறைக்கு உகந்த வழி என்று எழுதினார். அகதியாவதற்குள்ள உரிமையை மறைமுகமாகத் தட்டிக்கழிக்கும் வழியோ என்ற கேள்வியும் எழுந்தது. வெளியேறும் வழி திறந்தே இருந்ததால் இந்த மையங்களை ஸ்ரெப்ரெனிட்சாவோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதே சமயம் மரியாதை மட்டுமே காப்பாக இருக்கும் இடம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் மடுவே விடை சொன்னது. 1999 நவம்பரில் அந்த வளாகத்தில் எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்.

ஒழுங்கான வெளியேற்றம், விலைக்கு வாங்கிய தடுப்பு

வியட்நாம் வேறொரு பாடம். 1979 ஜூன் மாதத்தில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட படகு மக்கள் தென்கிழக்கு ஆசியக் கரைகளை அடைந்தார்கள். இனி ஒருவரையும் ஏற்கமாட்டோம் என்று ஆசியான் நாடுகள் அறிவித்தன. ஜூலையில் ஜெனீவாவில் கூடிய 65 நாடுகள் ஒரு பேரத்துக்கு வந்தன. முதல் புகலிடம் தற்காலிகமாக ஆசியானிடம். குடியமர்த்தும் பொறுப்பு மேற்கிடம். சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுப்பது ஹனோயிடம். உறவினர் இருக்கும் நாட்டுக்கு விமானத்திலேயே போகும் முறையான வழியும் திறந்தது; பின்னாட்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே சென்றார்கள். படகில் வருவோர் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. தப்பியோட முயன்றவர்களைத் துரத்தியவர்களையே காவலுக்கு வைத்த ஏற்பாடு இது என்ற கண்டனத்தில் உண்மை உண்டு. என்றாலும் துரத்திய அரசு, இடம் கொடுத்த அண்டை நாடு, தொலைவிலுள்ள பணக்கார நாடு மூன்றும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்த ஒப்பந்தங்கள் அகதி வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பின்னைய ஐரோப்பிய ஏற்பாடுகளில் இந்த மூன்றாவது கால் முறிந்துவிட்டது. 2016 மார்ச்சில் துருக்கியுடன் செய்த ஏற்பாட்டுக்குப் பிறகு கிரேக்கத்துக்குக் கடல்வழி வந்தோர், 2015இல் எட்டரை லட்சமாக இருந்தது, 2017இல் சுமார் 30,000 ஆனது. சிரியப் போர் அப்படியேதான் இருந்தது. துருக்கியில் இருந்த சிரியர்கள் 30 லட்சத்துக்கும் மேல். 2015 நவம்பரில் வல்லெட்டாவில் அறிவிக்கப்பட்ட ஆப்பிரிக்க நிதி, தன் பெயரிலேயே மூல காரணங்களைத் தாங்கியிருந்தது. ஏறத்தாழ 500 கோடி யூரோ திரண்டது. அதில் எல்லைக் காவலுக்கும் பங்கு போனது. நிதிக்குத் தெளிவான குறி இல்லை என்று ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2018இலும் 2024இலும் குறை சொன்னது. வளர்ச்சி உதவியால் மக்கள் வெளியேறுவது குறையும் என்ற அடிப்படை நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. மிக ஏழை நாடுகளில் வருமானம் உயரும்போது வெளியேறுவோர் முதலில் அதிகரிக்கிறார்கள் என்று மைக்கேல் கிளெமென்ஸ் முதலிய பொருளியலாளர்கள் காட்டுகிறார்கள். இது பிழைப்புக்காகப் போகிறவர்களைப் பற்றிய கணக்கு, போருக்கு அஞ்சி ஓடுகிறவர்களுக்கு அப்படியே பொருந்தாது. நிதி வகுத்தவர்களும் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

முடிவாகாதவை

2018 டிசம்பரில் 181 நாடுகள் ஆதரித்த உலக அகதிகள் உடன்பாட்டில் காரணங்களைத் தடுப்பது பற்றிய பகுதி மிகச் சுருக்கம். கட்டுப்படுத்தும் கடமை எதுவும் அதில் இல்லை. 1986 அறிக்கைக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகளில் மொழி நயப்பட்டிருக்கிறதே தவிர, யார் பொறுப்பு என்ற இடம் நிரப்பப்படவில்லை. ஆயுத பலத்தால் தடுப்பது பற்றிய விவாதம், 1999இல் கொசோவோவில் குண்டுவீச்சு தொடங்கிய பிறகே வெளியேற்றம் பல மடங்கானது என்பதாலும் 2011க்குப் பிந்தைய லிபியாவாலும் முட்டி நிற்கிறது. மாசிடோனியா போன்ற சிறிய முன்னேற்பாடுகளின் பலனை அளக்க ஏற்கத்தக்க முறை இன்னும் உருவாகவில்லை. அளக்க முடியாததற்கு நிதி கேட்பதும் கடினம். வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதை வைத்து எந்தத் தடுப்புத் திட்டத்தையும் மதிப்பிடலாம் என்ற அளவுகோல் பயனுள்ளதாகத் தெரிகிறது, ஆனால் அதைச் சோதித்துச் சொல்லும் அதிகாரம் எந்த அமைப்பிடமும் இல்லை.

ஓரளவு தெளிவாகத் தெரிவது குடியுரிமை. 1948இல் இலங்கை இயற்றிய சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் காத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் மாறாமல் அவர்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வெளியேற்றத்துக்கு நாள் குறித்ததாகாதா என்ற கேள்விக்கு, திருப்பி அனுப்புவது பற்றிப் பேசும் டாக்காவோ நேப்பியிதோவோ நேரடியாகப் பதில் சொல்லவில்லை.